புத்தகக்கடையில எழுத்தாளர் வாசிக்கிறது காணுமா, வெளியீட்டு விழாவும் வேணுமா?

கரையோரப்பாதை:
போன ஞாயிறு பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையில ஒரு புத்தகக்கடையில ரெண்டு எழுத்தாளர்மார் தங்கட புதுப் புத்தகத்தில இருந்து வாசிச்சுக் கதைச்சவை. மேடை இல்லை, பொன்னாடை இல்லை, றாக்கையளைச் சுவரோட தள்ளிப்போட்டு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தது, அவ்வளவுதான். அதில ஒரு அக்கா, 2022 இல மண்ணெண்ணெய் கியூவில நிக்கிற மனிசி ஒருத்தியின்ர கதையை வாசிச்சுக்கொண்டு வரேக்க நடுவில நிப்பாட்டி, இந்த வரியை நான் வெட்டிப்போட்டன், மகள் கேட்டுத்தான் திரும்பச் சேர்த்தனான் எண்டு சொல்லிப்போட்டு அதே வரியை இன்னொருக்கா வாசிச்சா. முன்னுக்கிருந்த ஓ.எல். சோதினைக்குப் படிக்கிற பிள்ளை ஒண்டு எழும்பி, அந்த மனிசிக்கு ஏன் கடைசிவரைக்கும் பேர் இல்லை எண்டு கேட்டுது, அதில இருந்து அரை மணித்தியாலம் கதை போச்சு. கொழும்பில இனிப் புத்தகம் வாறதெண்டா இப்பிடித்தான் வரவேணும். விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, வரிசையா வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை எண்டு மூண்டு மணித்தியாலம் இருந்திட்டு, எழுதினவரின்ர ஒரு வரியும் காதில விழாமல் வீட்டை போறதை நிப்பாட்டுவம்.

சங்கத்தடி:
தம்பி, நீர் சொன்னது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அச்சகக்காசை ஆர் குடுக்கிறது? நான் சொந்தக்காசில புத்தகம் போட்ட ஆள். இஞ்ச தமிழில முன்னூறு பிரதி, மிஞ்சினா ஐந்நூறு அடிக்கிறம். 2022 இல கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில பள்ளிக்கூடச் சோதினையையே பின்போட்டவை, அண்டைக்கு ஏறின விலை பழைய இடத்துக்கு வரவேயில்லை. அதுக்கு மேல 2024 தையில புத்தகத்துக்கும் 18 வீதம் வற் வரி போட்டவை. கடையில வைச்சா கடைக்காரரின்ர கழிவு போய், மிச்சம் எப்ப கையில வருமெண்டு தெரியாது. வெளியீட்டு விழாவில முதற்பிரதி, சிறப்புப்பிரதி வாங்கிறவை கவருக்குள்ள வைச்சுத் தாற காசுதான் அச்சகக்காரன்ர கடனை அடைக்குது. அந்த விழா இல்லாட்டி நீர் ஞாயிற்றுக்கிழமை கேட்ட அந்த வரி அச்சிலேயே வந்திராது.

மூண்டாம்மாடி:
சங்கத்தடி ஐயா, காசுக்கணக்கு உண்மை, அதை ஒருத்தரும் மறுக்கேலாது. ஆனா அந்தக் கவர் என்ன செய்யுதெண்டும் பாருங்கோ. மைக்கில ஒவ்வொரு பேராக் கூப்பிடுவினம், ஆள் மேடைக்கு ஏறி ரிப்பன் கட்டின பொதியை வாங்கி, படத்துக்கு நிண்டிட்டு இறங்கோணும். சம்பளத்தில வீட்டுவாடகை கட்டிற எங்களைப்போல ஆக்கள், பேர் கூப்பிட்டா என்ன செய்யிறதெண்டு பயந்தே போறேல்லை. எங்கட வீட்டு அலுமாரியில அப்பா வாங்கின சிறப்புப்பிரதியள் இருக்கு, கனக்கப் புத்தகத்துக்கு ரிப்பன்கூட அவிழ்க்கேல்லை. காசு வந்தது, வாசகர் வரேல்லை. எழுதின ஆளுக்கு அது எவ்வளவு பெரிய நட்டம்!

பழையவாசகன்:
நான் வேற காரணத்துக்காக இந்தக் கடை வாசிப்பை எதிர்க்கிறன். 2007 இல காலி இலக்கிய விழா தொடங்கின பிறகும், இலங்கை ஆங்கில எழுத்துக்குக் குடுக்கிற கிரேஷன் பரிசுக் குறும்பட்டியல்காரர் ஆங்கிலத்தில மேடையில வாசிக்கிறதைப் பாத்தும் எங்கட ஆக்கள் எடுத்த பழக்கம் இது. நல்லா எழுதிற எல்லாரும் நல்லா வாசிக்கமாட்டினம், குரல் இருக்கிறவரின்ர புத்தகம் விக்கும், கூச்சப்படுறவரின்ரை தேங்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை விமர்சனம். விமர்சகர்மார் கைலாசபதி, சிவத்தம்பி காலத்தில ஆய்வுரை எண்டா எழுதினவருக்கு நெஞ்சு இடிக்கும், முகத்துக்கு நேரே குறை சொல்லுவினம், அந்தச் சண்டையிலதான் ஈழத்து இலக்கியம் வளந்தது. கடையில கேள்வி கேக்கிறவர் எழுத்தாளரின்ர கூட்டாளி, வந்திருக்கிறது முகப்புத்தக நண்பர்மார், எல்லாரும் கைதட்டிப்போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகினம்.

கரையோரப்பாதை:
அண்ணை, வெளியிலயிருந்து வந்த பழக்கம் எண்டு எப்பிடிச் சொல்லுறியள்? கோயிலில கந்தபுராணம் படிக்கேக்க ஒருத்தர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன் சொல்லுவார், சனம் சுத்தியிருந்து கேக்கும். வாசிச்சு, விளக்கி, கேட்டு வளந்த ஆக்கள் நாங்கள். டொமினிக் ஜீவா 1966 இல மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கி யாழ்ப்பாணத்தில தன்ர சலூனில வைச்சுத்தான் நடத்தினவர், எழுதினவையும் வாசிச்சவையும் அங்கதான் வந்திருந்து கதைச்சவை. மேடை பேந்து வந்தது. இப்ப வெளியீட்டு விழாவில விமர்சனம் நடக்குது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, முதல்நாள் ராத்திரி புத்தகத்தைக் குடுத்து அடுத்தநாள் நயவுரை கேக்கினம், பேசுறவர் அணிந்துரையைத்தான் திருப்பிச் சொல்லுறார்.

மலைக்காற்று:
நான் அட்டன் பக்கம், வேலைக்காகக் கொட்டாஞ்சேனையில இருக்கேன். வெளியீட்டு விழான்னா முன்வரிசை கதிரையில பேர் ஒட்டியிருப்பாங்க, அழைப்பிதழ் இல்லாம போனா ஒரு கூச்சம் வரும், கடையில அது இல்ல, புத்தகம் பாக்க வந்தவங்களும் அப்படியே நின்னு கேக்கலாம், அந்த வகையில எனக்குக் கடைதான் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டுமே வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதி ஓரத்திலயே நடக்குதே, அத யாரும் பேசலையே. தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையப் பத்தி எழுதின புத்தகத்த தோட்டத்து ஆளுங்க யாருமில்லாம வெள்ளவத்தையில பேசி முடிச்சிடுறாங்க. கொட்டாஞ்சேனையில, ஜிந்துப்பிட்டியில ஒரு வாசிப்பு வைங்க, சனம் வரலன்னா அப்புறம் சொல்லுங்க.

சங்கத்தடி:
மலைக்காற்று சொன்னதை நான் முழுசா ஏற்கிறன். ஆனா வாசிக்க ஊரூராப் போறதெண்டாலும் கையில பிரதி வேணுமே. அச்சகத்தில வேலை தொடங்க முதலே முற்பணம் கேக்கிறாங்கள். அதுக்கு வழி சொல்லாமல் விழாவை விடச்சொல்லாதேங்கோ.

மூண்டாம்மாடி:
ஐயா, கவரில வைக்கிற அதே ஆக்களிட்டை அச்சடிக்க முதலே முன்பதிவா வாங்கலாம்தானே. மைக்கில பேர் கூப்பிடாமல், மேடையில ஏத்தாமல். புத்தகம் வந்தாப்போல கடையில வைச்சு எழுதினவர் ஒரு பத்து நிமிசம் வாசிக்கட்டும், குரல் சரியில்லாட்டி வேற ஆள் வாசிக்கட்டும், பிறகு கூட்டாளி இல்லாத ஒரு விமர்சகர் எழுதினவருக்கு முன்னாலேயே குறையும் சொல்லட்டும்.

சங்கத்தடி:
முன்பதிவுக்குப் பேர்போன எழுத்தாளர் எண்டாத்தான் காசு தருவினம் பிள்ளை. முதல் புத்தகம் போடுற பெடியனுக்கு ஆர் தருவினம்? விழாவுக்கு மாமா, சித்தப்பா, படிப்பிச்ச வாத்தியார் எல்லாரும் முகத்துக்காக வருவினம், அதுதான் அவனைத் தூக்கிவிடுறது.

பழையவாசகன்:
முன்பதிவு விசயம் நீங்கள் ரெண்டுபேரும் கதைச்சு முடியுங்கோ. விமர்சகரைக் கடைக்குக் கூப்பிடுறதெண்டா ஒரு மாதத்துக்கு முதலே புத்தகம் அவரிட்டை போகவேணும், கேள்வி கேக்கிறவரும் முழுசா வாசிச்சிருக்கவேணும். அப்பிடி ஒண்டு வைச்சா நானும் வாறன், கொட்டாஞ்சேனையில எண்டாலும் வாறன்.