சம்பா அறுவடைக்குப் பின் வீட்டுக்குள் எலிகள்: பிடித்து விடுவதா, கொல்வதா?

கேள்வி: வெண்ணாற்றங்கரையான்

வணக்கம். நீடாமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில், முற்றம் வைத்த பழைய ஓட்டு வீட்டில் என் தாயார், மனைவி, நான்கு வயது மகள் ஆகியோருடன் வசித்து வருகிறேன். தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து, விதைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்குமாக ஒதுக்கிய 14 மூட்டை நெல்லைக் கூடத்தை ஒட்டிய அறையில் அடுக்கினோம். இரண்டு வாரம் ஆவதற்குள் மூட்டைகளின் அடிமூலையில் ஓட்டைகளும், தரையில் உரித்துப் போட்ட உமியும் காணப்பட்டன. பிறகு சமையலறை, பிறகு துணி அலமாரி என்று பரவி, சென்ற வாரம் சலவை இயந்திரத்தின் மின்கம்பியையும் கடித்துவிட்டன. பழுது பார்த்ததற்கு 1,800 ரூபாய் செலவாயிற்று.

பிள்ளையாரின் வாகனத்தை வீட்டுக்குள் கொல்லக் கூடாது என்பது என் தாயாரின் உறுதியான நிலை. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவோ, மருந்து வைத்தால் மூன்று நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார். அவர் பேச்சைக் கேட்டு ஒரு பொட்டலம் வாங்கியும் வந்தேன். ஆனால் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் பெண்ணை நினைத்து, பிரிக்காமல் பரண்மேல் போட்டுவிட்டேன். இப்போதைக்குக் கம்பிக் கூண்டில் மசால் வடை வைத்து ஐந்து நாட்களில் நான்கு சிறிய எலிகளைப் பிடித்து, தெருக்கோடி வாய்க்கால் மதகுக்கு அப்பால், வீட்டிலிருந்து 300 மீட்டர் தொலைவில் விட்டு வந்தேன். விட்டவைதான் திரும்பி வருகின்றனவோ என்று ஐயமாக இருக்கிறது. எவ்வளவு தொலைவில் விட்டால் திரும்பாது? குழந்தை உள்ள வீட்டில் மருந்து வைக்கலாமா? இன்னொன்று, நீண்ட மூக்கோடு கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு இரவில் சுவரோரமாக ஓடும் ஒன்றும் வருகிறது. அதையும் பிடிக்க வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தஞ்சாவூர்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் சொல்லும் நீண்ட மூக்குடையது மூஞ்சூறு. அது எலி இனமே அன்று. நெல்லைத் தொடாது, கம்பியைக் கடிக்காது, கரப்பான் பூச்சியையும் பிற பூச்சிகளையும் தின்று வாழும். நாற்றம் ஒன்றுதான் அதன் மீதுள்ள குறை. அதைப் பிடிக்க வேண்டாம். உங்கள் கூண்டில் விழுந்தவை சுண்டெலிகளாக இருக்க வேண்டும். எச்சத்தைப் பாருங்கள்: சீரகத்தை ஒத்த அளவில் இருந்தால் சுண்டெலி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் ஓட்டின்மேல் திரியும் வீட்டெலி, கொல்லைப்புறத்தில் மண்ணைத் தோண்டிக் குவித்திருந்தால் பெருச்சாளி. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

அறுவடையானதும் வயல் எலிகள் வீட்டுக்கு வந்துவிட்டன என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது பாதிதான் உண்மை. வரப்பில் வளை தோண்டி, கதிரை இழுத்துச் சென்று சேர்த்து வைக்கும் எலி பெரும்பாலும் வரப்பிலேயே தங்கிவிடும். சுண்டெலி ஆண்டு முழுவதும் உங்கள் வீட்டிலும் வைக்கோல் போரிலும் ஒன்றிரண்டாக இருந்ததுதான். மூட்டை வந்ததும் பெருகிற்று. அதன் கருக்காலம் மூன்றே வாரம், ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள், அந்தக் குட்டிகள் இரண்டு மாதத்துக்குள் தாமே ஈனத் தொடங்கிவிடும் என்னும்போது, நான்கைப் பிடித்து வெளியே விடுவது கணக்கில் எங்கும் நிற்காது. தண்ணீரை மூடி வைத்தால் ஓடிவிடும் என்பதும் சுண்டெலியிடம் பலிக்காது. தானியத்தில் உள்ள ஈரமே அதற்குப் பெருமளவு போதும்.

ஆகவே முதல் வேலை அடைப்பது. ஆறு மில்லிமீட்டர் இடுக்கு, அதாவது ஒரு பென்சிலின் பருமன் இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும். வாசற்கதவின் அடியில் தகரப் பட்டை அடியுங்கள். முற்றத்துச் சாக்கடைத் துவாரத்துக்குக் கம்பி வலை போடுங்கள். தண்ணீர்க் குழாயும் மின்குழாயும் சுவரைத் துளைக்கும் இடங்களில், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். வெறும் துணியையோ தெர்மாகோலையோ அடைத்தால் அதையே கூடு கட்ட எடுத்துக்கொள்ளும். நம் முன்னோர் சுண்ணாம்புக் கலவையில் கண்ணாடிச் சில்லைக் குத்திப் போட்டுப் பொந்தை அடைத்தது அறிவில்லாமல் அன்று. மூட்டைகளைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திய பலகையில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள். சுற்றிவந்து பார்க்க வழியிருந்தால்தான் ஓட்டை கண்ணில் படும். விதைநெல்லை மட்டுமாவது தகரக் குதிருக்கு மாற்றிவிடுங்கள்.

திரும்பி வருகின்றனவா என்பதை நீங்களே சோதிக்கலாம். அடுத்து விழும் எலியின் வாலில், கூண்டுக் கம்பியின் வழியாக, உங்கள் மனைவியின் நகப்பூச்சைக் கொஞ்சம் தடவிவிட்டு விடுங்கள்.

பதில்: நாகை மீனாட்சி

மருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதற்கு விலை கொடுத்தோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் பரணில் வைத்த மருந்தைத் தின்ற எலி, மூன்றாம் நாள் தள்ளாடிக்கொண்டு முற்றத்துக்கு வந்தது. அதை எங்கள் பூனை கவ்விற்று. நான்கு நாளில் பூனை ஈறில் இரத்தம் கசிந்து இறந்தது. மீதி எலிகள் பரணுக்குள் எங்கேயோ செத்து, ஓடு பிரித்துத் தேடும் வரை இரண்டு வாரம் வீட்டில் உட்கார முடியவில்லை. பிறகு மருத்துவரான என் அண்ணன் விளக்கினார்: புரோமாடியோலோன் வகை மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை, எலி சாகச் சில நாள் ஆகும், அதற்குள் அதைத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் நஞ்சு ஏறும். மனிதர் உண்டுவிட்டால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற இயலும். ஆனால் துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறுகிறது. அதற்கு மாற்று மருந்து இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையும் கொடியது. உண்டவர் ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றி, பிறகு ஈரல் செயலிழந்து போவார். தமிழ்நாடு அரசு அந்தப் பசைக்குத் தடை விதித்திருக்கிறது. உங்கள் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். குழந்தை எதையாவது வாயில் வைத்துவிட்டால், வீட்டில் வாந்தி எடுக்க வைக்காமல், 108 ஐ அழைத்துப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

ஒட்டும் அட்டையை யாராவது பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். அதில் ஒட்டிய எலி தோலைப் பிய்த்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் துடிக்கும். பல்லியும் மைனாவும் சேர்ந்து ஒட்டும். இந்திய விலங்குகள் நல வாரியம் அதைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

பதில்: ஒரத்தநாட்டு விவசாயி

பொறுத்துக்கொள்ளுங்கள், நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். மதகுக்கு அப்பால் விட்டேன் என்கிறீர்களே, மதகுக்கு அப்பால் இருப்பது யார் வீடு? ஒரு தெருவின் எலியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய் விட்டால் அது அருளறமாகுமா? பழகாத இடத்தில் விட்ட வீட்டுச் சுண்டெலி பெரும்பாலும் பாம்புக்கோ பூனைக்கோ இரையாகும், அல்லது வேறொருவர் மூட்டையைத் தேடிப் போகும். கூண்டில் விழுந்தது பால் கொடுக்கும் தாயாக இருந்தால், உங்கள் சுவருக்குள் கண் திறக்காத குட்டிகள் பட்டினியில் சாகும். கொல்லவில்லை என்ற நிறைவு உங்களுக்கு, சாவு அதற்கு.

எங்கள் வயல்களில் தஞ்சாவூர்க் கிட்டி வைக்கிறோம். மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டி, பொரியோ கருவாடோ வைத்து மாலையில் வரப்போரம் நட்டால், எலி தலையை நுழைத்ததும் கழுத்து நெரிந்து அங்கேயே முடிந்துவிடும். காலையில் எண்ணி எடுக்கலாம். வீட்டுக்குள் அதே வேலையைப் பலகையில் வில்கம்பி அடிக்கும் பொறி செய்யும். கூண்டோடு வாளித் தண்ணீரில் அமுக்கிக் கொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட ஒரே அடியில் போவது எவ்வளவோ மேல். ஒன்றிரண்டு பொறி பயன்படாது, ஒரே இரவில் எட்டு, பத்து வையுங்கள். சுண்டெலி தன் கூட்டை விட்டுப் பத்து மீட்டருக்கு மேல் அரிதாகத்தான் போகும், ஆகவே எச்சம் கிடக்கும் இடத்திலேயே, சுவரோரமாக, இரை உள்ள முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். மசால் வடையைவிடச் சுட்ட தேங்காய்ச் சில்லு மேல். காய்ந்து போனாலும் மணம் குறையாது. ஓட்டின்மேல் திரியும் பெரிய வீட்டெலியாக இருந்தால் புதுப் பொருளைக் கண்டு அஞ்சும். நான்கைந்து நாள் பொறியைப் பூட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கிய பின் பூட்டுங்கள்.

இன்னொரு செய்தி. எலி இருக்கும் வீட்டுக்கு நல்ல பாம்பு தேடி வரும். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சாரை வந்தால் மட்டும் அடிக்காமல் விடுங்கள், அது நம் ஆள்.

பதில்: கிராமச் சுகாதாரச் செவிலியர்

எச்சத்தைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசியாக மூக்கில் ஏறும். பிளீச்சிங் தூள் கரைத்த நீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை அணிந்து துணியால் துடைத்தெடுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் பரவுவது. காலில் பித்தவெடிப்போ புண்ணோ இருக்கும்போது தேங்கிய நீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குத்தான் நம் பகுதியில் மிகுதியாக வருகிறது. கெண்டைக்கால் வலியோடு கடும் காய்ச்சலும் கண் சிவப்பும் கண்டால், எலி உள்ள வீடு என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கேட்டவர் மீண்டும்: வெண்ணாற்றங்கரையான்

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வேளாண் அலுவலர் ஐயா சொன்னபடி இரண்டு எலிகளின் வாலில் சிவப்பு நகப்பூச்சுத் தடவி அதே மதகுக்கு அப்பால் விட்டேன். மூன்றாம் இரவு சிவப்பு வாலோடு ஒன்று கூண்டில் உட்கார்ந்து சுட்ட தேங்காயைத் தின்றுகொண்டிருந்தது. என் மகள் கைதட்டிச் சிரித்தாள். என் தாயார் சிரிக்கவில்லை.

ஒரத்தநாட்டு ஐயா எழுதியதைத் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். பாம்பு என்ற சொல்லுக்கு அவர் அசையவில்லை; பட்டினி கிடக்கும் குட்டிகள் என்ற இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில், தமக்குத் தெரியாமல், தாம் எழுவதற்கு முன் எடுத்துவிடுவதானால் பொறி வைத்துக்கொள் என்றும், மூஞ்சூறை மட்டும் தொடக் கூடாது என்றும் சொன்னார். கொத்தனாரை வைத்து 11 ஓட்டைகளை அடைத்தோம். அவற்றில் நான்கு, சமையல் எரிவாயுக் குழாயும் மின்குழாயும் நுழையும் இடங்களில் நாங்களே போட்டுவிட்டு மூட மறந்தவை. முதல் இரண்டு இரவுகளில் பொறிகளில் ஒன்பது விழுந்தன, பிறகு ஒன்றே ஒன்று. பத்து நாளாக எதுவும் இல்லை, எச்சமும் இல்லை. விதைநெல் தகரக் குதிரில் இருக்கிறது. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை மட்டும் இன்னும் அடைக்கவில்லை. ஆடிக்குள் ஓடு மாற்றும்போது வலை அடிக்கலாம் என்றிருக்கிறோம்.

பரணில் கிடந்த பொட்டலம் துத்தநாக பாஸ்பைடு. பிரிக்காதது என்பதால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் பணம் தர மனமின்றி, அந்த விலைக்கு இன்னும் இரண்டு பொறிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்து வந்து பெரியப்பா வீட்டில் கொடுத்துவிட்டேன்.