எதிர்ப்பு மண்டல மரபணுவில் மாறுபாடு என்று ரிப்போர்ட் சொல்கிறது, குடல் புற்றுநோய் வருமா?

தூக்கம்வராதவன்:
அப்பாவுக்கு 54 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், ஆறு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். எனக்கு இப்போது 38. போன மாதம் ஏதோ வேகத்தில், எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்புகிற மரபணு டெஸ்ட் ஒன்றைச் செய்து தொலைத்தேன். இருபது பக்க ரிப்போர்ட். அதில் "நோய் எதிர்ப்பு" என்று ஒரு பக்கம், ஐஎல்-6, ஐஎல்-10, டிஎன்எஃப் என்று மூன்று மரபணுக்கள், மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் புள்ளி, "குடல் புற்றுநோய் அபாயம் சராசரியை விட அதிகம்" என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரைக்கு விளம்பரம்.

எதிர்ப்புச் சக்திக் குறைவு அப்பாவிடமிருந்து எனக்கு வந்துவிட்டது என்று அர்த்தமா? மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா? குடும்பத்தில் வேறு யாருக்கும் குடலில் வந்ததில்லை. ஒரு அத்தைக்கு 47 வயதில் கர்ப்பப்பையில் வந்தது, ஆனால் அது வேறு விஷயம்.

மைக்ரோடோம்:
பேதாலஜி லேபில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று பெயரும் பழைய கதை. ஒரு காலத்தில் சில நூறு நோயாளிகளை எடுத்துக்கொண்டு, அழற்சியோடு சம்பந்தப்பட்ட மரபணு ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுத்து, "டிஎன்ஏவில் இந்த எழுத்து மாறியவர்களுக்கு ஆபத்து" என்று நிறைய கட்டுரைகள் வந்தன. இன்னொரு குழு அதையே திரும்பச் செய்தபோது பல முடிவுகள் காணாமல் போயின, சிலது நேர் எதிராகக்கூட வந்தன. உங்கள் சிவப்புப் புள்ளிகள் அந்த வகையாகத்தான் இருக்கும்.

2007-க்கு அப்புறம் முறை மாறியது. எந்த மரபணு என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், ஆயிரக்கணக்கில் தொடங்கி பிறகு லட்சக்கணக்கான ஆட்களின் மொத்த டிஎன்ஏவையும் சலித்துப் பார்த்தார்கள். அதில் இன்றைக்குக் குடல் புற்றுநோயோடு சம்பந்தப்பட்ட 200-க்கு மேல் இடங்கள் தேறியிருக்கின்றன, எதிர்ப்பு மண்டலமும் அதில் இருக்கிறது. 6-ஆம் குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ பகுதி அதில் ஒன்று. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதற்குச் சின்னச் சின்னப் புரதத் துண்டுகளை வெளியே நீட்டி, எதிர்ப்பு மண்டலத்தின் காவல் செல்களான டி-செல்களுக்குக் காட்டுகிற வேலை எச்எல்ஏவுடையது, ஆளுக்கு ஆள் அதிகம் மாறுகிற பகுதியும் அதுதான். 18-ஆம் குரோமோசோமில் ஸ்மாட்7 என்று ஒன்று, செல் வளர்ச்சிக்கும் அழற்சிக்கும் பிரேக் போடுகிற டிஜிஎஃப்-பீட்டா பாதையை மட்டுப்படுத்துவது. ஆனால் இவை ஒவ்வொன்றும் தனியாக ஆபத்தைக் கூட்டுவது சொற்பம், பெரும்பாலும் பத்து இருபது சதவீதத்துக்குள். அப்பாவுக்கு வந்திருக்கிறது என்ற ஒரு விஷயமே உங்கள் ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. அந்த ரிப்போர்ட்டை மூடி வையுங்கள்.

பழையபெஞ்சு:
மாத்திரை பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு 14 வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். என் பிரச்சினை எதிர்ப்புச் சக்தி குறைந்தது இல்லை, அது அடங்காமல் சொந்தக் குடலையே தாக்குவது. ஓயாத அழற்சியில் குடல் சுவர் செல்கள் செத்துச் செத்துப் புதிதாகப் பிறக்கின்றன, ஒவ்வொரு தடவை பிரியும்போதும் எழுத்துப்பிழை விழ வாய்ப்பு. அதனால்தான் எங்களை மாதிரி ஆட்களுக்கு நோய் ஆரம்பித்து எட்டு வருடம் ஆனதும் கொலோனோஸ்கோபி (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) கண்காணிப்பைத் தொடங்கிவிடுகிறார்கள். எதிர்ப்பு மண்டலம் தூங்கினால் கெட்ட செல் தப்பித்துவிடும், துள்ளினால் கெட்ட செல்லை அதுவே உண்டாக்கும். இதில் எதைக் "கூட்ட"ப் போகிறது அந்த மாத்திரை? நானே ஆரம்பத்தில் இரண்டு வருடம் அந்த மாதிரி டப்பாக்களுக்குக் காசைக் கொட்டியவன்தான், அதனால் கோபமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நீலக்குடை:
எல்லோரும் சிவப்புப் புள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள், அவர் கடைசி வரியில் சொன்னதை யாரும் கவனிக்கவில்லையா? அத்தை என்றால் அப்பா கூடப் பிறந்தவரா? 47 வயதில் கர்ப்பப்பை என்றால், வாய்ப் பகுதியிலா, உள் சுவரிலா? உள் சுவர் என்றால் அது "வேறு விஷயம்" இல்லை தம்பி. லிஞ்ச் சிண்ட்ரோம் என்று ஒன்று இருக்கிறது. ஒரே பரம்பரைக் கோளாறு, ஆணானாலும் பெண்ணானாலும் குடலில் வரலாம், பெண்களுக்குக் கர்ப்பப்பை உள் சுவரிலும் வரும். எங்கள் வீட்டில் பத்து வருடம் இரண்டையும் தனித்தனிக் கதையாகவே பேசிக்கொண்டிருந்தோம், யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

தூக்கம்வராதவன்:
அப்பாவின் சொந்த அக்கா. உள் சுவர்தான், இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். இதுவும் எதிர்ப்பு மண்டல மரபணுவா?

மைக்ரோடோம்:
நீலக்குடை அக்கா சொன்னதுதான் சரி, நான் கோட்டை விட்டேன்.

லிஞ்சில் பழுதாவது எதிர்ப்பு மண்டல மரபணு இல்லை. செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் பிழையைத் திருத்துகிற நான்கு மரபணுக்கள் உண்டு: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. அதில் ஒன்று பிறக்கும்போதே கெட்டிருக்கும். குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம்.

எதிர்ப்பு மண்டலம் கதைக்குள் வருவது இதற்கு அப்புறம். திருத்த ஆள் இல்லாததால் அந்தக் கட்டியில் பிழை மலைபோலக் குவிகிறது, அதனால் விசித்திரமான புரதங்கள் உண்டாகின்றன, அவற்றை எச்எல்ஏ வெளியே நீட்ட, டி-செல்கள் கூட்டமாக வந்து மொய்க்கின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரியும், கட்டிக்குள் லிம்போசைட் (டி-செல் சேர்ந்த வெள்ளணு வகை) புள்ளி புள்ளியாக நிற்கும், சில ஸ்லைடைப் பார்த்ததும் எங்கள் டாக்டர் "இதற்கு ஐஎச்சி போடு" என்பார், அந்த நான்கு மரபணுக்களின் புரதமும் கட்டியில் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்ப்பது அது. டி-செல்லின் பிரேக்கை எடுத்துவிடுகிற மருந்துகள் இந்த வகைக்கு நன்றாக வேலை செய்வதும் இதனால்தான். இதே திருத்தும் கோளாறு உள்ள மலக்குடல் புற்றுநோயில் அந்த வகை மருந்தான டோஸ்டார்லிமாப் கொடுத்த ஒரு சிறிய சோதனையின் முடிவு 2022-இல் வந்தது, மருந்தை முழுதாக முடித்த 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. ஒருவருக்குப் பிறவியில் எந்த எச்எல்ஏ வாய்த்திருக்கிறதோ அதைப் பொறுத்து எந்தத் துண்டு காட்டப்படும் என்பது மாறும், அதனால் ஒரே வீட்டில் ஒரே கோளாறு இருந்தும் ஒருவருக்கு 35-இல் வந்து இன்னொருவருக்கு வராமலே போவதற்கு இதுவும் ஒரு காரணமா என்று ஆராய்கிறார்கள். நீங்கள் கேட்ட கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

சரி, செய்ய வேண்டியது. அப்பாவின் ஆபரேஷன் ஃபைலை எடுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் "எம்எம்ஆர்" அல்லது "எம்எஸ்ஐ" (இரண்டும் இந்தத் திருத்தும் வேலை கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் கவலை இல்லை, திசுவை மெழுகுக் கட்டையில் பதித்து வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள், அந்த பிளாக்கைக் கேட்டு வாங்கி இப்போதுகூட டெஸ்ட் செய்யலாம்.

தூக்கம்வராதவன்:
பீரோவிலேயே இருந்தது. கடைசிப் பக்கம். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 "இருக்கிறது". எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 "இல்லை". ஆறு வருடமாக அந்தக் காகிதம் எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறது. யாரும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மைக்ரோடோம்:
எம்எஸ்எச்6 தனியாக நிற்காது, ஜோடியான எம்எஸ்எச்2 போனால் அதுவும் போய்விடும், அதனால் சந்தேகம் முதலில் எம்எஸ்எச்2 மேல்தான். ஆனால் இது கட்டியின் ரிப்போர்ட், பரம்பரை என்று இதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது, சில நேரம் கட்டிக்குள்ளேயே பழுது நடந்திருக்கும். மரபணு ஆலோசகரைப் பார்த்து முதலில் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை. அவருக்கு இன்ன எழுத்து பிழை என்று தெரிந்தால் உங்களுக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் எச்சில் ரிப்போர்ட் இதைச் சொல்லவில்லையே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், அந்த மாதிரி டெஸ்டுகள் பெரும்பாலும் மரபணுவை முழுதாகப் படிப்பதில்லை.

நீலக்குடை:
எனக்கு எம்எஸ்எச்2தான். வருடத்துக்கொரு முறை கொலோனோஸ்கோபி. முந்தின நாள் அந்த மருந்துத் தண்ணீரைக் குடிப்பதுதான் கொடுமை, மற்றது ஒன்றுமில்லை. இரண்டு தடவை பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை, பின்னால் புற்றுநோயாகலாம்) இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள். எங்களுக்குச் சாதாரண ஆட்களைப் போல ஒரு பாலிப் பத்து வருடம் காத்திருக்காது, அதனால்தான் இடைவெளி இவ்வளவு குறைவு. ஆஸ்பிரின் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள், லிஞ்ச் உள்ளவர்களுக்கு தினம் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சோதனையில், வருடங்கள் போகப் போகக் குடல் புற்றுநோய் குறைந்தது. நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். அத்தைக்குப் பிள்ளைகள் உண்டா?

தூக்கம்வராதவன்:
ஒரே மகள், 29 வயது. போன வருடம் ஒரு சண்டையில் பேச்சு நின்று போச்சு. வியாழக்கிழமை அப்பாவுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்னால் அவளுக்குப் போன் போட வேண்டும்.