"கோவில்பட்டி வீடு" குழுவில் ஒரு ஞாயிறு

காலை 6:12

அப்பா: (சூரியகாந்திப் பூ படம். இனிய காலை வணக்கம்.)

காலை 8:40

நான்: எல்லாருக்கும் வணக்கம். போனஸ் வந்துவிட்டது, 35,000. அப்படியே கிரெடிட் கார்டில் கட்டிவிடலாம் என்றிருக்கிறேன். அத்தான், சரிதானே?

அத்தான்: கார்டில் மொத்தம் எவ்வளவு நிற்கிறது மாப்ளே?

நான்: 92,000.

அத்தான்: மாதம் எவ்வளவு கட்டுகிறாய்?

நான்: மினிமம் டியூ மட்டும். 4,600 வருகிறது.

அத்தான்: ஸ்டேட்மெண்டில் வட்டி என்று எவ்வளவு போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்.

நான்: மாதம் 3.5 சதவீதம். வட்டி 3,220. அதற்கு ஜிஎஸ்டி 580.

அத்தான்: ஆக 4,600 கட்டினால் அசலில் கழிவது 800 ரூபாய். மூன்றரை வட்டி, அதற்கு வரி வேறு. எங்கள் சொசைட்டியில் நகை வைக்க வருகிறவர்கள் முக்கால் வட்டி என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள்.

அக்கா: மளிகையும் அதே கார்டில்தான் வாங்குகிறானா என்று கேளுங்கள்.

நான்: கொஞ்சம்தான் அக்கா.

அத்தான்: பாக்கி நிற்கிற கார்டுக்கு வட்டியில்லாத 45 நாளெல்லாம் கிடையாது. இன்றைக்கு வாங்குகிற துவரம்பருப்புக்கு இன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

சித்தி: பருப்புக்கு வட்டியா! இனி சாம்பார் எப்படித் தொண்டையில் இறங்கும்?

திருப்பூர் சித்தப்பா: 35-ஐயும் கார்டில் போடு. முதலில் கடன் ஒழியட்டும். சேமிப்பெல்லாம் அப்புறம்.

அக்கா: போன வருஷ போனஸையும் இப்படித்தான் சித்தப்பா போட்டான். 28,000, மொத்தமும். கார்த்திகையில் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது கையில் ஆட்டோவுக்குக்கூடக் காசில்லை. மறுபடி கார்டைத்தான் தேய்த்திருப்பான்.

நான்: இல்லை அக்கா. அந்த ஆஸ்பத்திரியில் கார்டு மிஷின் வேலை செய்யவில்லை என்று ரொக்கமாகக் கேட்டார்கள்.

அக்கா: பிறகு எப்படிக் கட்டினாய்?

நான்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அக்கா: நீக்கினால்? நான் படித்துவிட்டேன்.

சித்தி: நான் படிக்கவில்லையே. என்ன அது?

அக்கா: நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

காலை 9:03

நான்: ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் 20,000 வாங்கினேன். அஞ்சு வட்டி. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 19,000 கையில் கொடுத்தார். பிடித்ததையும் சேர்த்து இதுவரை 11,000 கட்டியாயிற்று. அசல் அப்படியே நிற்கிறது.

சித்தி: ஐயோ ராசா.

திருப்பூர் சித்தப்பா: அஞ்சு வட்டி என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு அறுபது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் போட்டாயிற்று. இருந்தும் என்ன, கொடுக்கிறவனும் நிறுத்தவில்லை, வாங்குகிறவனும் நிறுத்தவில்லை.

அக்கா: என்னிடம் கேட்டிருக்கலாமே.

நான்: உனக்கு அப்போதுதான் பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டின மாதம்.

அக்கா: நீயாக ஒன்றை முடிவு செய்துகொள்வாய்.

அத்தான்: சண்டை அப்புறம். மாப்ளே, அந்த 19,000 எதெதற்குப் போனது?

நான்: அப்பாவுக்கு ஆட்டோ, எக்ஸ்ரே, மாவுக்கட்டு எல்லாம் சேர்த்து 11,500. அதே வாரம் பைக் கிளட்ச் போனது, 2,800. போன் டிஸ்பிளே 4,200.

திருப்பூர் சித்தப்பா: கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு இலவசமாயிற்றே.

அக்கா: ராத்திரி பதினொரு மணி சித்தப்பா. அவர் வலியில் கத்துகிறார். எது பக்கமோ அங்கே ஓடினோம்.

அத்தான்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அத்தையிடம் இருக்கிறது. வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. ஆனால் அது ஆபரேஷன் மாதிரிப் பெரிய வைத்தியத்துக்கு. ராத்திரி ஆட்டோக்காரரிடம் அட்டையை நீட்ட முடியாது. மாப்ளே, நீ சொன்ன மூன்றையும் கூட்டிப் பார். 18,500. அவ்வளவு ரொக்கம் ஓரமாக இல்லாததற்குத்தான் பதினோரு மாதமாக ஆயிரம் ஆயிரமாக அழுதிருக்கிறாய்.

நான்: அதோடு முடியவில்லை அத்தான். காதுகுத்துக்கு மொய், துணிமணி 6,000. தீபாவளிக்கு ஊருக்கு வந்தது 9,000. வண்டி இன்சூரன்ஸ் 1,650. இதெல்லாம் கார்டில் போனது.

அக்கா: தீபாவளி எமர்ஜென்சியா? யாரும் சொல்லாமல் திடீரென்று வந்துவிட்டதா?

சித்தி: 😂

அத்தான்: அவள் சொல்வது சரி. காலண்டரில் தேதி இருப்பதெல்லாம் அவசரச் செலவு இல்லை. அந்த மூன்றும் சேர்த்து 16,650. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் கிட்டத்தட்ட 1,400. அதைச் சம்பளம் வந்ததும் எடுத்துத் தனிக் கவரில் போடு. வழுக்கி விழுவதற்கும் கிளட்ச் போவதற்கும்தான் தேதி கிடையாது. நான் ஓரமாக வை என்பது அதற்கான பணம்.

திருப்பூர் சித்தப்பா: யூடியூபில் ஆறு மாதச் செலவை ஒதுக்கச் சொல்கிறார்களே.

அத்தான்: ஆறு மாதம் என்றால் மலைத்துப் போய் ஒன்றுமே சேர்க்க மாட்டான் மாமா. கடன் இருக்கிறவரைக்கும் இருபதாயிரம் போதும். கடன் முடிந்த பிறகு ஆறு மாதத்தைப் பார்ப்போம்.

மாப்ளே, என் கணக்கு இதுதான். 35-ல் 20,000 அஞ்சு வட்டிக்காரருக்கு, இன்றைக்கே. நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டைத் திருப்பி வாங்காமல் பணத்தைக் கொடுக்காதே. வெற்றுச் செக் ஏதாவது கொடுத்தாயா?

நான்: இல்லை. புரோநோட்டு மட்டும்தான்.

அத்தான்: தப்பித்தாய். மீதி 15,000-ஐக் கார்டில் போடாதே. ஓரமாக வை.

திருப்பூர் சித்தப்பா: இது எனக்குச் சரியாகப் படவில்லை மாப்பிள்ளை. பதினைந்தாயிரத்தைச் சும்மா வைத்துக்கொண்டு கார்டுக்கு மூன்றரை வட்டி கட்டுவானா?

அத்தான்: நியாயமான கேள்வி. வரியோடு மாதம் 620 ரூபாய் நஷ்டம். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 15,000 கட்டினால் கார்டில் 15,000 லிமிட்தான் திரும்பக் கிடைக்கும். கார்டு மிஷின் இல்லாத இடத்தில் அந்த லிமிட் எதற்கு ஆகும்? ஏடிஎம்மில் கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்தால் அதற்கு ஒரு கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. போன வருஷம் அவன் போய் நின்றது அஞ்சு வட்டி வாசலில்.

காலை 9:31

அம்மா: (குரல் பதிவு, 2 நிமிடம் 5 நொடி)

திருப்பூர் சித்தப்பா: கம்பெனியில் இருக்கிறேன், ஓவர்லாக் மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. யாராவது எழுதுங்கள்.

அக்கா: எழுதுகிறேன் சித்தப்பா. முதல் ஒரு நிமிடம் தம்பிக்குத் திட்டு, அதை விட்டுவிடுகிறேன். அப்புறம், "என் வளையல் பீரோவில் சும்மாதான் கிடக்கிறது, கல்யாணம் காட்சி என்றால்கூட நான் கவரிங்தான் போடுகிறேன், அதை எடுத்துப் பேங்கில் வைத்துக் கார்டை அடைக்கட்டும்" என்கிறாள். கடைசியில் பின்னால் குக்கர் விசில்.

நான்: வேண்டாம் அம்மா.

அத்தான்: வேண்டாம் என்று ஏன் சொல்கிறாய்? நூற்றுக்கு மாதம் 80 பைசா வட்டி என்றால் 92,000-க்கு 736 ரூபாய். இப்போது 3,800 கட்டுகிறாய். அதே 4,600-ஐ மாதாமாதம் நகைக்கடனில் கட்டு. 22 மாதத்தில் வளையல் வீட்டுக்கு வந்துவிடும். நடுவில் வருஷம் முடிகிறபோது வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கார்டிலேயே 4,600 கட்டிக்கொண்டிருந்தால் 44 மாதம். அதுவும் புதிதாக ஒரு பருப்புப் பொட்டலம்கூட வாங்காமல் இருந்தால்.

இன்னொன்று மாமா. கடன் 80 பைசாவுக்கு வந்துவிட்டால், 15,000-ஐ ஓரமாக வைப்பதன் நஷ்டம் 620 இல்லை, 120.

திருப்பூர் சித்தப்பா: அப்படியென்றால் சரி.

அக்கா: எனக்குச் சரியில்லை. கார்டு காலியானதும் மறுபடி தேய்ப்பான். வளையலும் போய் கார்டும் ஏறி நிற்கும். எங்கள் தெருவிலேயே ரெண்டு வீட்டில் பார்த்துவிட்டேன்.

அத்தான்: கார்டை அடைத்த அன்றைக்கே லிமிட்டை 20,000-க்குக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும். குறைத்துவிடுவார்கள். குறைத்த மெசேஜை இங்கே போட வேண்டும். அதற்குச் சம்மதித்தால்தான் வளையல் பீரோவை விட்டு வெளியே வரும்.

நான்: சரி அத்தான்.

சித்தி: பதினைந்தாயிரத்தைப் போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் போடலாமே?

அத்தான்: அது மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு சித்தி. மூன்று வருஷம் ஆகாமல் மூட முடியாது. அப்பா விழுகிறதற்கு மூன்று வருஷம் காத்திருக்க முடியுமா?

திருப்பூர் சித்தப்பா: எங்கள் கம்பெனியில் ஒரு லட்சம் சீட்டு ஆரம்பிக்கிறார்கள். நல்ல ஆட்கள்.

அக்கா: அவசரத்துக்குச் சீட்டை எடுக்கப் போனால் ஏலத்தில் நிறையத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். அவசரப்படுகிறவன் எவ்வளவு தள்ளுவான் என்று உங்களுக்குத் தெரியாதா சித்தப்பா?

திருப்பூர் சித்தப்பா: 🙏

அம்மா: (குரல் பதிவு, 48 நொடி)

அக்கா: "என் சிறுவாட்டு டப்பாவில் போட்டு வை" என்கிறாள்.

சித்தி: அந்த ஹார்லிக்ஸ் டப்பாவா? இன்னும் அரிசி டிரம்முக்குள்தான் இருக்கிறதா? 😂

நான்: 2016 மறந்துவிட்டதா அம்மா? ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் 500 ரூபாய் செல்லாது என்றதும் அரிசியைக் கொட்டி டப்பாவை எடுத்தாயே. பதினாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு, ரப்பர் பேண்ட் போட்டு, எல்லாவற்றிலும் தவிட்டு வாசனை. 7,000 ரூபாய் வைத்திருந்தது அப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சித்தி: அதைப் போடத்தானே உங்கள் அம்மா பேங்கில் கணக்கே ஆரம்பித்தாள். நானும்தான் கியூவில் நின்றேன்.

அத்தான்: அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறதா?

அக்கா: இருக்கிறது. சிலிண்டர் மானியம் அதில்தான் விழும்.

அத்தான்: அப்போது அதிலேயே போடட்டும். மாப்ளே, ஊருக்கு வரும்போது உன் பெயரையும் அதில் சேர்த்துக்கொள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடு, ஏடிஎம் கார்டு ரெண்டு பேருக்கும் வரும். கூகுள் பேயில் மட்டும் இணைக்காதே. டீக்கடையில் ஸ்கேன் பண்ணுகிற கை, அதையும் ஸ்கேன் பண்ணிவிடும்.

நான்: வட்டிக்காரருக்குக் கட்டின 1,000-ஐயும் இனி மாதாமாதம் அதிலேயே போடுகிறேன். அஞ்சு மாதத்தில் இருபது ஆகிவிடும்.

அக்கா: இது நீயாகச் சொன்ன முதல் நல்ல விஷயம்.

காலை 10:20

அப்பா: மாவுக்கட்டுக்கா வட்டிக்கு வாங்கினாய்

காலை 10:34

அப்பா: போஸ்ட் ஆபீஸில் என் பெயரில் 8 ஆயிரம் இருந்தது கேட்டிருக்கலாம்

நான்: நீங்கள் வலியில் இருந்தீர்கள் அப்பா. அப்போது எப்படிக் கேட்பது?

அப்பா: கைதான் ஒடிந்தது வாய் இல்லை

சித்தி: உங்கள் அப்பா டைப் பண்ணக் கற்றுக்கொண்டாரா!

அக்கா: பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிக் கொடுத்திருக்கிறான் போல. அப்பா, இனி பூப்படம் போடுவதோடு பேசவும் செய்யுங்கள்.

மாலை 5:48

நான்: (படம்: நான்காகக் கிழித்த புரோநோட்டு, டீக்கடை மேஜைமேல்)

நான்: முடித்தாயிற்று. 20,000 ரொக்கமாகக் கொடுத்தேன். இந்த மாத வட்டி என்று தனியாக 500 கேட்டார். நாள் கணக்குப் போட்டால் 300-தான் வரும் என்று சொல்லி 300 கொடுத்தேன்.

அத்தான்: நோட்டில் உன் கையெழுத்து இருக்கிற துண்டு எங்கே? படத்தில் தெரியவில்லையே.

நான்: சட்டைப்பையில் இருக்கிறது அத்தான்.

அம்மா: (குரல் பதிவு, 4 நொடி)

அக்கா: "அடுப்பில் போடு" என்கிறாள்.

திங்கள், காலை 6:10

அப்பா: (செம்பருத்திப் பூ படம். இனிய காலை வணக்கம்.)

அப்பா: 15 போட்டாயா

நான்: ராத்திரியே போட்டுவிட்டேன் அப்பா. அம்மாவின் போனுக்கு மெசேஜ் வந்திருக்கும், பாருங்கள்.

அப்பா: வந்தது அவள் என்னிடம் காட்டமாட்டேன் என்கிறாள்