சிறுமூளை ஸ்ட்ரோக்: நடை சரியாயிடுச்சு, யோசனை?

நியூரோ_பிசியோ:
ஒரு நோயாளிக்கு வலது பக்கம் பைக்கா (சிறுமூளையோட கீழ்ப்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்) அடைப்பு. எம்ஆர்ஐயில் க்ரஸ் 2ங்கிற சிறுமூளைப் பகுதி, அதுக்குக் கீழே பூரா வெள்ளை, அதாவது அடிபட்ட இடம். மூணாம் மாசம் ஒற்றைக்கோட்டு நடை சுத்தம், எம்எம்எஸ்இ (ஞாபகம், கவனம் பார்க்கிற பொதுவான சோதனை) 30க்கு 29. டிஸ்சார்ஜ் எழுதுற நேரத்துல, ஒரு காய் ஒரு தொழில்னு மாத்தி மாத்தி ஒரு நிமிஷம் சொல்லச் சொன்னா: "கத்தரிக்காய், தச்சர், வெண்டைக்காய்... முருங்கைக்காய்... அவரைக்காய்..." அப்புறம், "என்ன கேட்டீங்க?" காய்கறி மண்டி வைத்திருப்பவர். சிறுமூளை அடிபட்டதால யோசனை கெட்டிருக்கான்னு பார்க்கிற, ஷ்மாமன்ங்கிற நரம்பியல் மருத்துவர் குழுவோட 2018 அளவுகோல்ல இதுவும் ஒண்ணு. பத்து சோதனை, ஒண்ணுல தவறினா சந்தேகம், மூணுல தவறினா உறுதி. எம்எம்எஸ்இ இதைப் பிடிக்காது. வேகமா மாத்தி யோசிக்கிற கேள்வியே அதுல கிடையாது.

பேச்சுப்பயிற்சி:
அவசரப்படாதீங்க. சிறுமூளை அடிபட்டா நாக்கும் குழறும், ஒரு நிமிஷ எண்ணிக்கை அதுனாலயும் குறையும். முதல்ல "பட்டக பட்டக"ன்னு வேகமாச் சொல்லச் சொல்லி நாக்கோட வேகம் பாருங்க. அந்த அளவுகோல்ல வரையச் சொல்ற கனசதுரமும் கை நடுங்கினா கோணலா வரும். கோடு எல்லாம் இருக்கான்னு மட்டும் பாருங்க. இன்னொண்ணு, ஒரு எழுத்துல தொடங்குற சொற்களைச் சொல்ற எழுத்துச் சோதனை. "ப"ன்னு சொன்னா சிலர் பா, பி, பூ எல்லாம் சேர்ப்பாங்க, சிலர் "ப"வைத் தாண்டமாட்டாங்க. வரிசை முழுசும் செல்லும்னு முன்கூட்டியே சொல்லலைன்னா அந்த மார்க் குப்பை. ஆங்கிலத்துக்கு வச்ச வெட்டுமார்க்கையும் (அதுக்குக் கீழே போனா தவறுன்னு எடுக்கிற மார்க்) அப்படியே தமிழுக்குப் போடாதீங்க.

நியூரோ_பிசியோ:
முருங்கை, அவரை ரெண்டும் தெளிவாத்தான் வந்துச்சு. வராதது தொழில் பெயர். எண்களைத் தலைகீழாச் சொல்றதும் மூணோட நின்னுச்சு, அதுக்கு நேரக்கெடுவே இல்லை. வலது சிறுமூளை பேசுறது இடது பெருமூளையோட, போன்ஸ், தலாமஸ்ங்கிற நடுவழி மூளைப்பகுதிகள் வழியா. அதான் சொல்லுல அடி.

குழந்தைகள்_வார்டு:
குழந்தைகள்லயும் சிறுமூளை அடிபட்டா பேச்சு போகும். ஒரு பையனுக்கு நாலாவது வென்ட்ரிக்கிள்ல (சிறுமூளைக்கு முன்னாடி இருக்கிற நீர் அறை) மெடுல்லோபிளாஸ்டோமாங்கிற புற்றுக்கட்டி. ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு "அம்மா, தண்ணி"ன்னு கேட்ட பையன், மறுநாள் வாயே திறக்கலை. கோபம்னு நினைச்சு வீட்டார் பிஸ்கட் காட்டிக்கிட்டிருந்தாங்க. இது ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற சிறுமூளைப் பேச்சிழப்பு, பேச்சு ஓரிரு நாள் கழிச்சு நிக்கிறதுதான் இதோட அடையாளம். வாரக்கணக்கிலோ மாசக்கணக்கிலோ திரும்பும், ஆனா குழறலோட. ஆபரேஷனுக்கு முன்னாடியே பேச்சு, கவனம் ரெண்டையும் பதிஞ்சு வையுங்க, இல்லைன்னா பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. முழுங்குறதைப் பார்க்காம சாப்பாடு கொடுக்காதீங்க. படப்பலகையை மறுநாளே கையில கொடுங்க, பேச்சு வரட்டும்னு காத்திருக்காதீங்க. பள்ளிக்கு எழுதும்போது "கூடுதல் நேரம்"னு மட்டும் எழுதாம, ஒரு தடவைக்கு ஒரு கட்டளைன்னும் சேருங்க.

பேச்சுப்பயிற்சி:
நியூரோ_பிசியோ, தலைகீழ் எண் மூணுன்னா சரி, ஒத்துக்கிறேன். யோசனையை மந்தமாக்குற குமட்டல் மாத்திரை, தூக்க மாத்திரை ஏதாவது ஓடுதான்னு பார்த்தீங்களா?