பின்சக்கரம் விலகுவதற்கு ஒரு சொல்: மிகைத்திருப்பமா, வால்வீச்சா?

அனுப்புநர்: வடசேரி மொழிபெயர்ப்பாளர்
பொருள்: அவசரம், ஒரு கலைச்சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். கனடாவுக்குப் புதிதாகப் போகும் தமிழ் ஓட்டுநர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரைப் பனியில் ஓட்டுவது பற்றிய அதிகாரத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

வளைவில் பின்சக்கரங்கள் முதலில் பிடிப்பை இழந்து, நாம் திருப்பியதைவிட வண்டி அதிகமாகத் திரும்பிவிடுவதை ஓவர்ஸ்டியர் என்கிறார்கள். முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்து, ஸ்டியரிங்கை ஒடித்தும் வண்டி நேராகவே போனால் அண்டர்ஸ்டியர். இப்போதைக்கு மிகைத்திருப்பம், குறைத்திருப்பம் என்று போட்டு வைத்திருக்கிறேன். வாசித்தால் கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறது. வேறு சொல் உண்டா?

அனுப்புநர்: அதங்கோடு புலவர்
பொருள்: மறு: அவசரம், ஒரு கலைச்சொல் வேண்டும்

தம்பிக்கு, மிகைத்திருப்பம் நல்ல சொல். மிகை பெயர்ச்சொல், பின்னால் வலி (வல்லின ஒற்று) மிகுந்தது சரி. குறைத்திருப்பம்தான் இடறுகிறது. குறை பெயருமாகும், வினையடியுமாகும். வினைத்தொகையாகக் கொண்டால் குறைதிருப்பம் என்றே வரவேண்டும். பெயராகக் கொண்டால் நீங்கள் எழுதியது நிற்கும். எதுவாகக் கொண்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். தொல்காப்பியம் அரங்கேறியபோது பிழை கேட்ட ஆசான் இருந்த ஊர் இது. இங்கிருந்துகொண்டு ஒற்றைப் பார்க்காமல் விடமுடியாது.

டயர் என்று எழுதியிருந்தால் உருளிப்பட்டை என்று மாற்றிவிடுங்கள்.

அனுப்புநர்: தக்கலை பணிமனை
பொருள்: மறு: மறு: அவசரம், ஒரு கலைச்சொல் வேண்டும்

புலவர் ஐயா மன்னிக்கணும். உருளிப்பட்டை பஞ்சர் என்று என் கடைக்கு யாரும் வந்ததில்லை.

மிகைத்திருப்பம் என்றால் என் காதுக்கு டிரைவர் ஸ்டியரிங்கை அதிகமாகத் திருப்பிவிட்டான் என்றுதான் விழுகிறது. தப்பு அவன் மேல் போகிறது. ஆனால் அவன் சரியாகத்தான் திருப்பியிருப்பான். பின்னால் பிடிப்பு இல்லாமல் வண்டி தானாகச் சுற்றும். கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுவழுப்பாகும். அன்றைக்கு லாரிக்காரர்கள் "வால் வீசுது அண்ணாச்சி, பின் டயரைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வால்வீச்சு என்று போடுங்களேன்.

அனுப்புநர்: பிராம்டன்வாசி (ஊர் தக்கலை)
பொருள்: மறு: மறு: மறு: அவசரம், ஒரு கலைச்சொல் வேண்டும்

வால்வீச்சுக்கு என் ஓட்டு. இங்கே கனடாவில் நான் ஓட்டுவது பின்சக்கர இழுவை ஸ்போர்ட்ஸ் கார், மாஸ்டா மியாட்டா. பனியில் இப்படி வால் போகும்போது என்ன செய்யவேண்டும்? வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். வலது வளைவில் வால் இடப்பக்கம் போகும், ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். கண் போகவேண்டிய பாதையில் இருக்க வேண்டும். பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கவும் கூடாது. எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகி, மிச்சப் பிடிப்பும் போய்விடும். மெல்லத் தளர்த்த வேண்டும்.

இதையெல்லாம் மிகைத்திருப்பம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். "மிகைத்திருப்பம் நேரும்போது சறுக்கும் திசையில் திருப்புக" என்று வரும். சறுக்குவது எது, முன்னா பின்னா? "வால் வீசினால் வால் பக்கமே திருப்பு" என்றால் முடிந்தது.

அனுப்புநர்: பூதப்பாண்டி ஆசிரியை
பொருள்: பெயர் வீச்சா, வினை வீச்சா

வடசேரித் தம்பி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்று இதைப் போட்டுப் பார்த்தேன். வால்வீச்சை உடனே பிடித்துக்கொண்டார்கள், கையால் செய்தும் காட்டினார்கள். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. வால்வீச்சு என்பது வாலின் வீச்சா, வாலை வீசுதலா? முன்னது ஆறாம் வேற்றுமைத் தொகை, பின்னது இரண்டாம் வேற்றுமைத் தொகை. காற்று வீசுகிறது என்கிறோம், கல்லை வீசினான் என்றும் சொல்கிறோம். வீசு இரண்டு பக்கமும் போகிற வினை. பந்தயங்களில் வேண்டுமென்றே காரின் பின்பக்கத்தை வீசி ஓட்டுகிறார்களே, அது இரண்டாம் வேற்றுமை. பனியில் தானாக வீசுவது ஆறாம் வேற்றுமை. கையேட்டில் எது?

அனுப்புநர்: பிராம்டன்வாசி
பொருள்: மறு: பெயர் வீச்சா, வினை வீச்சா

அக்கா, ஆளில்லாத வாகன நிறுத்தத்தில் என்றால் இரண்டாம் வேற்றுமை. பெருஞ்சாலையில் ஆறாம் வேற்றுமை.

அனுப்புநர்: அதங்கோடு புலவர்
பொருள்: வால் என்னும் சொல்லாட்சி

வால்வீச்சை எதிர்த்தேன், இன்னும் எதிர்க்கிறேன். ஆயினும் நேற்று இரவு ஒன்று தோன்றியது. வால் என்பதற்கு வெண்மை, தூய்மை என்றும் பொருள் உண்டு. குறளில் வாலறிவன் வருகிறான், சங்கு வால்வளை. அப்படியானால் வெண்பனியில் நேரும் வீச்சும் வால்வீச்சே. ஒரே சொல்லில் இடமும் நிகழ்வும். இதற்காகவும் இச்சொல்லை நான் ஏற்கவில்லை, ஆனால் பதிவு செய்ய வேண்டும்.

மேலும் பனி என்ற சொல்லே குழப்பம். நமக்குப் புல்நுனியில் இருப்பதும் பனி, மார்கழியில் மூடுவதும் பனி. புறநானூறு ஆறாம் பாட்டில் காரிகிழார் "வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்" என்று தொடங்கி அடுத்த அடியிலேயே "குமரியின் தெற்கும்" என்கிறார். இமயத்துப் பனியையும் நம் குமரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் அவர். கையேட்டில் பனி எது என்று சொல்லிவிட்டால் பாதி வேலை தீரும்.

அனுப்புநர்: வடசேரி மொழிபெயர்ப்பாளர்
பொருள்: மறு: வால் என்னும் சொல்லாட்சி

ஐயா, நாளை வெள்ளி. பனிக்கு வெண்பனி என்றும் ஐஸுக்கு உறைபனி என்றும் போட்டுவிட்டேன். ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் மெல்லிசாக உறைந்து கிடப்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கரும்பனி. அதைப் படித்தவன் கறுப்பாக எதையோ தேடுவான். தெரிவது தார்ச்சாலையின் கறுப்புதான். அங்கே "கண்ணாடிப்பனி" என்று எழுதியிருக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் இன்றே சொல்லுங்கள். அண்டர்ஸ்டியருக்கு மூக்கோட்டம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், கஷாயம் வைக்கட்டுமா என்று கேட்டார்கள்.

அனுப்புநர்: குலசேகரம் ரப்பர்
பொருள்: டயரைப் பற்றி யாரும் பேசவில்லையே

சாரே, சொல்லை விடுங்க, ரப்பரைப் பேசுவோம். ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் கோடைக்கால டயர்தான் வரும். சுமார் ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த ரப்பர் விறைக்கத் தொடங்கிவிடும், ரோட்டைக் கவ்வாது. குளிர்கால டயரின் கலவை குளிரிலும் இளக்கமாக இருக்கும். அதில் இயற்கை ரப்பர் கூடுதலாகச் சேர்ப்பார்கள், அது கடுங்குளிரிலும் சீக்கிரம் விறைக்காது. நம்ம மரத்துப் பால் தாங்க அது. மேலே கத்தியால் கீறினாற்போல் நுண்ணிய வெட்டுகள் நிறைய இருக்கும், பனியைக் கவ்வுவதற்கு. ஃபின்லாந்துக்காரர்கள் 1934லேயே குளிர்கால டயர் செய்தார்கள். அந்த வெட்டுகளுக்குக் கையேட்டில் என்ன சொல்? "கீறல்" போட்டால் டயர் கெட்டுப்போனது என்று நினைப்பார்கள். பால் வெட்டுகிறவர்கள் பட்டையில் போடுவது வெட்டு. "வெட்டு" என்றே வையுங்கள்.

அனுப்புநர்: பிராம்டன்வாசி
பொருள்: மறு: டயரைப் பற்றி யாரும் பேசவில்லையே

அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. வடசேரி அண்ணா, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குளிர்கால டயர் நாலு சக்கரத்துக்கும் போட வேண்டும். காசு மிச்சம் என்று முன்னால் மட்டும் போட்டால் வால்வீச்சு கூடும். பின்னால் மட்டும் போட்டால் மூக்கு நேரே போகும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு. நாலு சக்கர இழுவை இருந்தால் போதும் என்பவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்: அது கிளம்ப உதவும், நிற்க உதவாது.

அனுப்புநர்: வடசேரி மொழிபெயர்ப்பாளர்
பொருள்: கோப்பு போய்விட்டது

அனுப்பிவிட்டேன். பாடத்தில் ஓவர்ஸ்டியருக்கு வால்வீச்சு, அண்டர்ஸ்டியருக்கு நேரோட்டம். பின்னிணைப்பில் மிகைத்திருப்பம், குறைதிருப்பம் இரண்டையும் மாற்றுச்சொல்லாக வைத்திருக்கிறேன். புலவர் ஐயா கேட்டதற்குப் பதில்: இரண்டாவதை வினைத்தொகையாகக் கொண்டேன், அதனால் அதில் வலி மிகவில்லை. டயர் டயராகவே போனது. உதவிய எல்லோருக்கும் நன்றி.

அனுப்புநர்: அதங்கோடு புலவர்
பொருள்: மறு: கோப்பு போய்விட்டது

பின்னிணைப்பில் இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் நேரோட்டம் என்றால் சொன்னபடி ஒழுங்காக ஓடுகிற வண்டி என்றுதான் யாரும் பொருள் கொள்வார்கள். ஆபத்தைக் குறிக்கும் சொல் அப்படி இருக்கலாமா? உருளிப்பட்டை பற்றியும் என் மறுப்பு நிற்கிறது. இரண்டையும் இரண்டாம் பதிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

அனுப்புநர்: தக்கலை பணிமனை
பொருள்: மறு: மறு: கோப்பு போய்விட்டது

ஐயா, அந்த இழையில் ஸ்டெப்னிக்கும் ஒரு வழி சொல்லிவிடுங்கள்.