பாட வேண்டாம், வந்து உட்காரு

விசுவாசம் தளர்ந்த நாட்களில் சபையில் தங்களுக்கு நேர்ந்ததைப் பற்றி, ஒருவர் எழுதியதைப் படித்து அடுத்தவராக நான்கு பேர் எழுதியவை.

குவைத்திலிருந்து:

சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து, கோயில்குட்டி, அதாவது கோயில் ஊழியர், முதல் மணி அடித்ததும் தலையைச் சீவிக்கொண்டு ஓடி வளர்ந்தவன். இப்போது குவைத்தில் ஏசி மெக்கானிக். இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் ஆராதனை வெள்ளிக்கிழமை. ஒரே வளாகத்தில் தமிழ், மலையாளம், தெலுங்கு, அரபி என்று சபைகள். ஒரு கூட்டம் வெளியே வரும்போதே அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும்.

2018-ல் ஊரில் என் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்து, இரண்டு நாளில் போய்விட்டது. லீவு வாங்கி நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. திரும்பி வந்த பிறகு ஜெபம் வாயில் வரவில்லை. கடவுள்மேல் கோபம் என்றாலாவது அவரோடு சண்டை போட்டிருக்கலாம். அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாவது வாரம், வியாழன் ராத்திரி, எங்கள் சபையில் டிரைவர் வேலை பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் அறைக்கு வந்தார். கையில் ஃபிளாஸ்க், உள்ளே சுக்குக் காபி. பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபு கதையை இப்போது ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நான்கு நாளாக சிங்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். குக்கரில் பருப்பு அடிப்பிடித்துக் கரியாகியிருந்தது. ஸ்டீல் நாரை வைத்து அரைமணி நேரம் அதை மட்டும் தேய்த்தார். கிளம்பும்போதுதான் கேட்டார், "நாளைக்கு வாரியாடே?"

"எனக்கு ஜெபம் பண்ண வரல அண்ணாச்சி. பாட்டும் வரல."

"பாட வேண்டாம்டே. நாங்க பாடுதோம். நீ வந்து உட்காரு."

போய் உட்கார்ந்தேன். எட்டு மாதம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் பாமாலைப் புத்தகத்தை எனக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். பைபிளில் மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கே இயேசு 'அவர்கள் விசுவாசத்தை' கண்டதாகத்தான் எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் என்ன நினைத்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. ஞாயிறு பள்ளியில் அந்த நாடகத்தில் பாயின் ஒரு மூலையைப் பிடித்தவன் நான். பாயில் படுத்துப் பார்த்தது இங்கேதான்.

மறுபடி எப்போது பாட ஆரம்பித்தேன் என்று தேதி சொல்லத் தெரியவில்லை.

தூத்துக்குடியிலிருந்து:

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், பக்கத்துப் பக்கத்து வீடுகளாகச் சேர்த்து 'அன்பியம்' என்று வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு வீட்டில் கூட்டம்: பைபிள் வாசகம், மனதில் பட்டதைப் பகிர்வது, மன்றாட்டு, அப்புறம் டீ. உள்ளதைச் சொன்னால், முதலில் எனக்கு டீ மட்டும்தான் பிடித்தது.

வீட்டுக்காரர் குடிப்பார். அதனால் எங்கள் முறை வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிவிடுவேன். ஒரு தடவை பொறுப்பாளர் அக்கா, "நாற்காலி இல்லன்னுதான யோசிக்க? நாங்க கொண்டாரோம்" என்றார். பிரச்சினை நாற்காலி இல்லை என்று அவருக்கும் தெரியும். வந்தார்கள். வீடு ஒற்றை அறை, பாதிப் பேர் மாடிப்படியில். வாசகம் நடுவில் இவர் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டு, "வாங்க மாப்ள, இன்னும் பாதி இருக்கு" என்றார். இவரும் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

குடியை விட்டுவிட்டார் என்று சாட்சி எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அதற்கு முன் செபமாலையைக் கையில் எடுத்தாலே பொய் சொல்கிற மாதிரி இருக்கும். இப்போது இல்லை.

2020 ஊரடங்கில் ஈஸ்டர் அன்றே கோயில் பூட்டிக் கிடந்தது. செப்டம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் திறந்தார்கள். அதுவரை எங்கள் தெருவில் ராத்திரி ஏழரைக்கு அவரவர் மொட்டை மாடியில் நின்று செபமாலை சொன்னோம். ஒரு மாடியில் சத்தம் கேட்கவில்லை என்றால் உடனே அந்த வீட்டுக்கு போன் போகும்.

சென்னையிலிருந்து:

இரண்டு பேர் எழுதியதும் நல்லதாகவே இருக்கிறது. என் கதை வேறு. விவாகரத்து வழக்கு நடந்தபோது என்னைச் சபையிலிருந்து விரட்டியதே 'ஜெபக் குறிப்பு'தான், அதாவது மற்றவர்கள் ஜெபிக்கட்டும் என்று சொல்லும் கஷ்டம். ஒருவரை நம்பிச் சொன்னது, "அந்தத் தம்பிக்காக ஜெபியுங்கள்" என்று மூன்றே நாளில் சபை முழுக்கப் போய்விட்டது. பின்மாற்றக்காரன், அதாவது விசுவாசத்தை விட்டு விலகியவன், என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

நான்கு வருஷம் யூடியூபில்தான் ஆராதனை. வசதிதான், பிரசங்கத்தை நிறுத்திவைத்துவிட்டுத் தோசை சுடலாம். ஒரு கட்டத்தில் தோசை மட்டும் மிஞ்சியது.

இப்போது ஐந்தாறு பேர் ஒரு பிளாட்டில் கூடுகிறோம். வழக்கு பற்றி எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அதை மன்றாட்டில் இழுப்பதில்லை. வீடு, இயேசுவின் சீடர் தோமாவின் பெயரோடு சேர்ந்த பரங்கிமலை பக்கம் என்பதால் அவரை அடிக்கடி நினைப்பேன். இயேசு உயிர்த்தெழுந்த அந்த முதல் ஞாயிறு அவர் மற்றச் சீடர்களோடு இல்லை. இயேசுவைக் கண்டோம் என்று மற்றவர்கள் சொன்னதை நம்பவும் இல்லை. ஆனாலும் எட்டு நாள் கழித்து வீட்டுக்குள் அவர்களோடு இருக்கிறார். நம்பாதவரை அந்தப் பத்துப் பேர் ஒரு வாரம் உள்ளே வைத்திருந்தார்கள் என்பதை ஏனோ யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை.

நாசரேத்திலிருந்து:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்னைத் தம்பிக்கு நடந்தது எல்லாச் சபையிலும் நடக்கும், அதை மூடி மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் சபை தொடங்கியதே தனியாக நிற்க முடியாதவர்களால்தான். விசுவாசத்துக்கு வந்ததால் வீடும் ஜெபக்கூடமும் இடிபட்டவர்களுக்காக, 1799-ல் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் முதலூர். சேர்ந்து இருந்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலை.

என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு. வீட்டில் கஞ்சி மட்டும் என்ற நாளிலும் அந்தப் பிடி குறையாது. அவள் படுத்த படுக்கையான பிறகு டப்பா காலியாக இருந்தது. எதிர்வீட்டு அத்தை தன் அரிசியில் இரண்டு பிடி எடுத்து, ஒன்றைப் பாட்டி பெயரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாட்டியிடம் அவள் சொல்லவே இல்லை.

மறுபடி குவைத்திலிருந்து:

ஆசிரியை அம்மா, உங்கள் பாட்டியின் டப்பாவை அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போன மாதம் எங்கள் கேம்ப்புக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான், தென்காசிப் பக்கம். இரண்டு வெள்ளியாக ஆளைக் காணவில்லை. நாளை ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். ஃபிளாஸ்க் அண்ணாச்சி கொண்டுவருவார், ஸ்டீல் நார் நான்.