மறுமொழி: போர்பஸ் – கடற்பன்றி வேண்டாம்

(முல்லைத்தீவிலிருந்து)

வணக்கம். பள்ளிச் சுவரொட்டிக்காகப் போர்பஸுக்கு (porpoise, டொல்பினை ஒத்த சிறிய கடல் பாலூட்டி) தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு வந்த யோசனை இது:

> அகராதியில் கடற்பன்றி என்றே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம்.

என்னால் உடன்பட முடியவில்லை. சிங்களத்தில் ஆவுளியாவின் (dugong, கடற்பசு) பெயர் 'முகுது ஊரா'. அதற்குக் கடற்பன்றி என்றுதான் பொருள். மன்னார்க் கடலில் ஆவுளியாவைக் காப்பாற்ற இரண்டு மொழியிலும் எழுத வேண்டியிருக்கிறது. அங்கே தமிழில் அதே பெயரை வேறொரு உயிருக்குக் கொடுத்தால் எது எதுவென்று யாருக்கு விளங்கும்? ஆவுளியா கடற்புல் மேய்வது, போர்பஸ் மீன் தின்பது. போதாததற்குப் பலர் டொல்பினையும் கடற்பன்றி என்றே எழுதுகிறார்கள்.

டொல்பின் எங்கள் கரையில் ஓங்கில். அதிலிருந்தே தொடங்கலாம். 'மொட்டைமூஞ்சி ஓங்கில்' சரிவராது. போர்பஸைப் போலவே, எங்கள் கடலில் காணப்படும் ரிஸ்ஸோ ஓங்கிலுக்கும் அலகு (நீண்ட மூஞ்சி) இல்லை. 'கட்டை ஓங்கில்' வாயில் நன்றாக வருகிறது. வடகடல்களின் துறைப் போர்பஸ் (harbour porpoise) வளர்ந்தாலும் பெரும்பாலும் 2 மீற்றரை எட்டாது. ஆனால் கட்டை என்றதும் ஓங்கில் குட்டி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பிசகாத அடையாளம் பல்லில் இருக்கிறது. ஓங்கிலின் பல் கூம்பு, நுனி கூர். போர்பஸின் பல் பக்கவாட்டில் நசுங்கி, நுனி அகன்று, மண்வெட்டித் தகடுபோலத் தட்டை. குடும்பம் முழுவதற்கும் இது பொது. கரையொதுங்கிய உடலிலும் வாயைத் திறந்தால் தெரியும் (கையுறை இல்லாமல் தொடவேண்டாம், நோய் தொற்றக்கூடும்). ஆகவே குடும்பத்துக்குத் 'தட்டைப்பல் ஓங்கில்', அட்லாண்டிக், பசிபிக் வடபகுதிகளிலும் கருங்கடலிலும் வாழ்வதற்குத் 'துறைத் தட்டைப்பல்', இந்தியக் கரையோரத்தில் முதுகுச் செட்டை இல்லாமல் திரிவதற்கு 'மொட்டைத் தட்டைப்பல்' என்கிறேன்.

(மன்னாரிலிருந்து)

தம்பி, பல் நல்ல பிடி. ஆனால் ஓங்கில் என்று சேர்த்தால் அதுவும் டொல்பின் வகைதான் என்று ஆகிவிடாதா? இரண்டும் வேறு வேறு குடும்பம்.

இன்னொன்று, வலையில் கட்டி, ஒலி எழுப்பி இவற்றை விலக்கும் 'பிங்கர்' கருவிக்கு 'வலைமணி' எப்படி?

(முல்லைத்தீவிலிருந்து)

அக்கா, கடற்குதிரையைக் குதிரை என்று யாரும் நினைப்பதில்லையே. 'தட்டைப்பல்' முன்னால் நிற்கும்வரை குழப்பம் வராது.

வலைமணி அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம். துறைத் தட்டைப்பல்லை அதிகம் கொல்வது செவுள் வலைதான். ஏறத்தாழ 130 கிலோஹேர்ட்ஸில் ஒலி விட்டு, எதிரொலி கேட்டு இரை தேடும் உயிர் அது. மெல்லிய வலைநூலில் இருந்து எதிரொலி சரியாகத் திரும்பாது. தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலை தெரிந்த எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்துப்போகும். வலைமணி கட்டினால் சிக்குவது குறைகிறது. ஆனால் இந்தச் சின்ன உடல் குளிர்நீரில் சூடு காக்க இரவு பகலாக இரை எடுக்கவேண்டும். மணிச்சத்தம் நல்ல இரைத்தளத்தை விட்டே விரட்டினால் அதுவும் கேடு. விளக்கக் குறிப்பில் இந்த இரண்டு பக்கமும் வரவேண்டும்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், பள்ளிச் சுவரொட்டி அச்சுக்குப் போகிறது.